உள்ளே எத்தனை பேர்?

போன வாரம் ஹலோக்கா ஒரே ஒரு 'சரிங்க' சொல்லி வகையாக மாட்டிக்கொண்டாள். ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், அந்தப் பக்கம் சபைப் போதகரின் மனைவி ஆயரம்மா. "ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஆராதனையில நீங்கதான் பேசறீங்க. தலைப்பு 'புதுப்பெலன்'. சரியா?" என்று அவர் கேட்டதில் பாதிதான் காதில் விழுந்தது. பதில் மட்டும் முழுதாக வந்துவிட்டது. மகளின் சட்டைக் காலரும் கொஞ்சம் கருகியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாளைக்கு.

ஹலோக்கா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கும் இடத்தில் எட்டு வருஷமாக அவளுக்கு வேலை. வீட்டில் அவள் அம்மா, மருமகள். வாரம் முழுக்க வெளியூர்களில் மிஷின் மாட்டப் போய்விடும் கணவருக்கு, போனில் பதில் சொல்லும் மனைவி. சபையில் மகளிர் ஐக்கியச் செயலாளர், ஞாயிறு பள்ளி டீச்சர், பாடகர் குழுவில் ஆள் குறைந்தால் அதற்கும் ஒரு குரல். எங்கே ஓட்டை விழுந்தாலும் அவளைக் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள்.

பிரச்சினை அதுவல்ல. ஓடியாடி வேலை செய்ய அவள் அஞ்சுகிற ஆள் இல்லை. பிரச்சினை என்னவென்றால், புதுப்பெலனைப் பற்றிப் பேச அவளிடம் பழைய பெலன்கூட இல்லை. அவள் ஜெபம் செய்து எட்டு மாதம் ஆகிறது. செயலாளராக எழுந்து நின்று நோயாளிகள் பட்டியலையும் பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியலையும் ஏற்ற இறக்கத்தோடு சொல்வாள்தான். அது வாசிப்பது, ஜெபம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இந்த லட்சணத்தில் மேடை ஏறிப் பொய் சொல்ல முடியாது என்று வியாழக்கிழமையே ஆயரம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டாள். நாளைக்குப் பேச மாட்டேன், செயலாளர் பொறுப்பும் வேண்டாம் என்று. எழுதி, மடித்து, வேதாகமத்துக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வேதாகமத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வசனம் அப்படியெல்லாம் கொட்டாது," என்றாள் மகள், பல் தேய்க்கும் வாயோடு. பதினாறு வயது. வாய்க்கு மட்டும் முப்பது.

"ஒரு காகிதம் வெச்சிருந்தேன்டி. பாத்தியா?"

"நாளைக்குப் பேசறதுக்கா? தொலைஞ்சா போகட்டும், நான் ஒண்ணு ரெடி பண்றேன். போன் கிட்ட கேட்டா அஞ்சு நிமிஷத்துல எழுதிக் குடுக்கும். அழுகை வர்ற மாதிரி வேணும்னாலும் குடுக்கும்."

"என் வாழ்க்கைச் சாட்சியைப் போன் கிட்ட வாங்கிச் சொல்லணுமா?"

"போன தடவை பேசின ஆன்ட்டி அப்படித்தான் பண்ணாங்க. நீகூட ஆமென் சொன்னியே."

ஹலோக்கா வேதாகமத்தை மறுபடி உலுக்கினாள். ஆமென் சொன்னது உண்மைதான், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. மாமியார் வெளியே வந்தார், கையில் பை, கக்கத்தில் வேதாகமம். சபையில் அவருக்கு ஐந்துமணியம்மா என்று பெயர். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் ஜெபிக்கும் சத்தம் கேட்கும். சுவருக்கு இந்தப் பக்கம் புரண்டு படுக்கும் ஹலோக்காவுக்கு அது குத்திக்காட்டுகிற மாதிரியே இருக்கும். மாமியார் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை, சண்டையாவது போடலாம்.

"ஒரு சிநேகிதியைப் பாத்துட்டு வந்துடறேன்," என்றார் மாமியார்.

"தனியாவா போறீங்க? நான் டியூட்டி போற வழியில விட்டுடறேனே அத்தை."

"எதுக்கு? எனக்குக் கண்ணு காது எல்லாம் நல்லாத்தானே இருக்கு."

"டீயாவது குடிச்சிட்டுப் போங்க. இதோ ஆச்சு, இதோ ஆச்சு."

இந்த 'இதோ ஆச்சு' அவளுடைய வாய்ப்பாடு. டீக்கும் அதுதான், தலை பின்னும்போது மகள் கத்தினாலும் அதுதான், ஊசி போடும் டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு மாமியாரின் கையைப் பிடித்தபடி சொல்வதும் அதுதான்.

டீயைக் குடித்துவிட்டு மாமியார் படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினார். அதை ஹலோக்கா பார்க்கவில்லை. இன்னொன்றையும் அவள் யோசிக்கவில்லை. வீட்டில் இரண்டு வேதாகமங்கள். கணவர் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. இரண்டுக்கும் கறுப்பு அட்டை, இரண்டுக்கும் ஜிப். உங்களுக்கு உறைத்திருக்கும். அவளுக்கு உறைக்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

*

அவசர அறையில் இரண்டு நாற்காலி, இரண்டு கணினி, ஜன்னல் கிடையாது. சுவரில் விதிகள் ஒட்டியிருக்கும். மணி அடித்தால் மூன்றாவது அடிக்குள் எடுக்க வேண்டும். இத்தனை நிமிஷத்தில் மெக்கானிக் வந்துவிடுவார் என்று நேரம் சொல்லக் கூடாது. சொந்தப் பெயர், சொந்தக் கதை சொல்லக் கூடாது. சொந்தக்காரர் என்றால் அழைப்பைப் பக்கத்து சீட்டுக்கு மாற்ற வேண்டும். கதவு திறக்கும்வரை லைனை வைக்கவே கூடாது. பேசுவதெல்லாம் பதிவாகும்.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. பக்கத்து சீட்டுக்காரி டீ வாங்கக் கீழே போயிருந்தாள். திரையில் கட்டடத்தின் பெயர் வந்தது. கடைகள் நிறைந்த ஆறு மாடி, ஒரே லிஃப்ட், வயசானது.

"வணக்கம், லிஃப்ட் உதவி மையம். பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

கரகரவென்று சத்தம். பானைக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு பெண் குரல். "ரெண்டு பேரும்மா."

அவள் கட்டத்தில் 2 என்று தட்டினாள். மெக்கானிக்குக்குத் தகவல் போனது.

"வயசு சொல்லுங்க."

"எனக்கு அறுபத்தெட்டு."

"கூட இருக்கறவருக்கு?"

"அவர் வயசையெல்லாம் யாரும்மா கணக்கு பண்றது."

வயதான தம்பதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ஹலோக்கா. "அவர் எப்படி இருக்கார்? மூச்சு விட சிரமப்படறாரா?"

"அவருக்கென்ன, அவர் நல்லாத்தான் இருக்கார். எனக்குத்தான் முழங்கால் கடகடன்னு ஆடுது."

"அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்துடுங்க."

"அதான் பண்ணிக்கிட்டிருக்கேன்," என்றது குரல். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஏம்மா, நான் இங்க மாட்டினது வீட்டுக்குத் தெரியாம பாத்துக்க முடியுமா? மருமக கிட்ட சிநேகிதி வீடுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

ஹலோக்காவின் விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

அறுபத்தெட்டு. சிநேகிதி வீடு. அந்த இன்னொருவர் யார் என்பதும் இப்போது புரிந்தது. எங்கே போனாலும் 'நானும் ஆண்டவரும்' என்று சொல்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான்.

விதிப்படி பக்கத்து சீட்டுக்கு மாற்ற வேண்டும். பக்கத்து சீட்டு காலி. அந்தச் சீட்டுக்காரி அங்கேயே இருந்திருந்தாலும் ஹலோக்கா மாற்றியிருக்க மாட்டாள். அந்தக் குரலை இன்னொருத்தி கையில் கொடுக்க மனசு வரவில்லை. தொண்டையைச் செருமி, டியூட்டிக் குரலை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"வீட்டுக்குச் சொல்ல மாட்டோம்மா. எங்க போய்க்கிட்டிருந்தீங்க?"

"அஞ்சாவது மாடி, கண்ணாடிக் கடைக்கு. கண்ணு நாலு மாசமா மங்கிப் போச்சு. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"வீட்ல சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்றது? மகன் ஊர்ல இல்ல. மருமகளுக்கு ஏற்கனவே தலைக்கு மேல வேலை. சொன்னா லீவு போடுவா, டாக்டரைப் பாப்பா, சொட்டு மருந்து போடுவா, அதுக்கு ஒரு அலாரம் வைப்பா. இன்னொரு வேலையா நானும் போய் அவ தலையில உக்காரணுமா? அவளும் இந்த மாதிரி போன் எடுக்கற வேலைதான் பாக்கறா. ஆனா உன்னை மாதிரி நிதானமா பேச மாட்டா. எப்பப் பாரு பறந்துக்கிட்டே இருப்பா, பாவம்."

ஹலோக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. "பேசிக்கிட்டே இருங்க," என்றாள். அது விதி. பேசினால் பயம் தெரியாது.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன, நீ யாரோ நான் யாரோ. என்னை எல்லாரும் ஜெபவீராங்கனைன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. வேதாகமத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு நாலு மாசமா ஒரு வரி படிக்கல. தெரியாததைத் தெரியற மாதிரி, மனப்பாடமா இருக்கறதைச் சத்தமா சொல்லிக்கிட்டிருக்கேன். சுவருக்கு அந்தப் பக்கம் மருமக இருக்காளே, நிறுத்தினா என்னமோ ஏதோன்னு பயப்படுவாளேன்னு. பாதி நாள் 'ஆண்டவரே, இருக்கீரா'ன்னு கேட்டுட்டு உக்காந்தபடியே தூங்கிடுவேன்."

எட்டு மாதமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தாள். நாலு மாதமாக அந்தப் பக்கமும் ஒருத்தி. நடுவில் நாலு அங்குலம் செங்கல். ஹலோக்காவுக்குக் கண் கரித்தது.

"நேத்து பாத்தா என் வேதாகமத்துக்குள்ள ஒரு காகிதம்," என்று மாமியார் தொடர்ந்தார். "எழுத்து தெரியல, ஆனா சாய்வு தெரியுது. மருமக எழுத்து அப்படித்தான் ஓடும். எனக்கு ஏதோ எழுதி வெச்சிருக்கா. நேர்ல சொல்ல முடியாம எழுதியிருக்கான்னா பெரிய விஷயம்தானே? பேத்தியைப் படிக்கச் சொல்லலாம், ஆனா என்ன எழுதியிருக்குமோ. அதான் கண்ணாடி போட்டு நானே படிச்சுடலாம்னு கிளம்பிட்டேன்."

அந்தக் கடிதத்தை இந்த உலகத்தில் யார் படிக்கக் கூடாது என்று ஹலோக்கா நினைத்தாளோ, அவர் அதற்காகவே கண்ணாடி வாங்கப் போய்க்கொண்டிருக்கிறார். வெளிப்படையாகச் சொல்லிவிடலாமா? அத்தை, நான்தான், அதைப் படிக்காதீங்க என்று? வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கரில் தடால் என்று ஒரு சத்தம். லிஃப்ட் அரை அடி இறங்கி நின்றிருக்க வேண்டும்.

"ஐயோ," என்றது குரல், சின்னதாக.

"இதோ ஆச்சு, இதோ ஆச்சு," என்றாள் ஹலோக்கா.

லைனில் சத்தமே இல்லை. இரண்டு விநாடி, மூன்று விநாடி.

"நல்லா இருக்கீங்களாம்மா? பதில் சொல்லுங்க."

"இருக்கேன்," என்றார் மாமியார். குரலில் நடுக்கம் போயிருந்தது. "ஏம்மா, எனக்காக ஒரு ஜெபம் பண்ணுவியா? பெருசா வேண்டாம். உனக்கு வந்த மாதிரி."

சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் இதற்கு ஒன்றும் எழுதவில்லை. ஹலோக்கா கண்ணை மூடினாள். பட்டியல் எதுவும் கையில் இல்லை. சபையில் சொல்கிற 'நீர்', 'உம்முடைய' எல்லாம் அந்த நேரம் வரமாட்டேன் என்று அடம் பிடித்தன. வாயில் வந்தது டியூட்டித் தமிழ்தான்.

"ஆண்டவரே, கொஞ்சம் பாருங்க. உள்ள ஒருத்தங்க மாட்டிக்கிட்டிருக்காங்க. ரொம்ப நாளா மாட்டிக்கிட்டிருக்காங்க, வெளியில யாருக்கும் தெரியாது. கேக்கறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. அவங்க பேசலைன்னாலும் லைனை வெச்சுடாதீங்க. கதவு திறக்கற வரைக்கும் கூடவே இருங்க. ஆமென்."

மாமியாருக்காகத்தான் ஆரம்பித்தாள். மூன்றாவது வாக்கியத்திலேயே அது தன்னைப் பற்றியதாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. எட்டு வருஷமாக முன்பின் தெரியாதவர்களிடம் நான் வைக்க மாட்டேன், லைன்லயே இருக்கேன் என்று சொல்லியிருக்கிறாள். தன்னிடமும் ஒருவர் அதையே சொல்லிக்கொண்டிருக்கலாம் என்று இத்தனை நாள் தோன்றவில்லையே. கண்ணீர் இறங்கி ஹெட்போன் பஞ்சு நனைந்தது. அழுகைதான், ஆனால் நல்ல வெயிலில் தலைக்குக் குளித்த மாதிரி லேசாக இருந்தது.

"ஆமென்," என்றார் மாமியார். "ஆண்டவரை 'நீங்க'ங்கறே. பரவால்ல, நல்லாத்தான் இருக்கு."

அப்போது கதவை நெம்பும் சத்தம் கேட்டது.

*

ஐந்து நிமிஷம் கழித்து மெக்கானிக் கூப்பிட்டார். மூச்சு வாங்கினார்.

"ஹலோக்கா, ரெண்டு பேர்னு போட்டிருக்கீங்க. ஒரு அம்மாதான் இருந்தாங்க. இன்னொருத்தர் எங்க?"

"இல்லண்ணா, அது வந்து."

"நான் கூரை மேல ஏறிப் பாத்துட்டேன். அடிப் பள்ளத்துல டார்ச் அடிச்சும் பாத்துட்டேன். அந்த அம்மா கிட்ட கேட்டா, அவர் என்கூடத்தான்ப்பா வர்றார்னு சொல்லிட்டு மாடிப்படி ஏறிப் போயிட்டாங்க. அந்த 'அவர்' யாருக்கா?"

அவருக்குப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கணினிக்குப் புரியவைக்க முடியவில்லை. உள்ளே 2, வெளியே 1 என்றால் புகாரை மூட அது விடாது, மேலாளர்தான் மூட வேண்டும். அதற்கு முன் பதிவைக் கேட்க வேண்டும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோது மேலாளரின் செய்தி வந்தது. "ரெக்கார்டிங் முழுதும் கேட்டேன். திங்கள் காலை ஒன்பது மணிக்கு என் அறைக்கு வரவும்." கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு குறிப்பும் இல்லை. மூன்று தரம் படித்துவிட்டுப் போனை மூடினாள். அதைவிடப் பெரிய பயம் வீட்டில் காத்திருந்தது.

மாமியார் கூடத்தில் விளக்கடியில் உட்கார்ந்திருந்தார், மூக்கில் பழுப்பு நிறக் கண்ணாடி.

"பாட்டி ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி ஆயிட்டாங்க," என்றாள் மகள். "வந்ததுலேர்ந்து கேலண்டர், மருந்துச் சீட்டு, பிஸ்கட் கவர் எல்லாத்தையும் படிச்சு முடிச்சாச்சு. அம்மா, பாட்டி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்களாம். யாரோ ஒரு ஆன்ட்டி போன்லயே ஜெபம் பண்ணாங்களாம். உங்க ஆபீஸா?"

"இருக்கும்," என்றாள் ஹலோக்கா. நேராகச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். பின்னாலேயே மாமியார் வந்தார், கையில் அந்தக் காகிதம்.

"கடைக்காரர் படிச்சுப் பாருங்கன்னு ஒரு அட்டை குடுத்தார்," என்றார். "நான் இதை எடுத்துப் படிச்சேன். எல்லா எழுத்தும் தெளிவாத் தெரிஞ்சுது. கண்ணுல தண்ணி வந்தவுடனே அவர் பதறிட்டார், பவர் சரியில்லையோன்னு."

"அத்தை, அது உங்களுக்கு எழுதினது இல்ல. புத்தகம் மாறிப் போச்சு."

"தெரியும். உன் புத்தகத்துல வெச்சுட்டேன்னு நினைச்சிருக்கே. நானும் எல்லாம் தெரியற மாதிரியே நடிச்சேன். ரெண்டு பேரும் நல்லாத்தான் நடிச்சிருக்கோம்."

"நான்தான் போன்லன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"இதோ ஆச்சு," என்றார் மாமியார். "முன்பின் தெரியாத பொண்ணு எங்கேயாவது அப்படிச் சொல்லுமா?"

காகிதத்தை அவள் கையில் கொடுத்தார். ஹலோக்கா பிரித்துப் பார்த்தாள். அவள் எழுதியது அப்படியே இருந்தது. எட்டு மாதமாக எனக்கு ஜெபிக்க வரவில்லை, இல்லாததை இருப்பதாகச் சொல்லி நிற்க முடியவில்லை என்ற வரியின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது. கடைசியில் அவள் கையெழுத்துக்கு அடியில், கொஞ்சம் நடுங்கின எழுத்தில் ஒரே வார்த்தை. 'நானும்.' அதற்குக் கீழே மாமியாரின் கையெழுத்து.

இத்தனை வருஷத்தில் முதல் தரமாக ஹலோக்கா மாமியாரைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடி நசுங்கிவிடும் என்று மாமியார் முகத்தை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"இதை ஆயரம்மா கிட்ட குடுக்கப் போறியா?" என்று கேட்டார்.

"குடுக்கல. இதைத்தான் நாளைக்குப் படிக்கப் போறேன்," என்றாள் ஹலோக்கா. சொன்ன பிறகுதான் முடிவெடுத்துவிட்டோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. "நான் எழுதினதை நான் படிக்கறேன். நீங்க எழுதினதை நீங்க படிங்க. அதுக்கப்புறம் லிஃப்ட் கதையைச் சொல்லலாம்."

"நானா? மேடையிலயா? போம்மா." மாமியார் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

போன் அடித்தது. மகள் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஆயரம்மா."

"நாளைக்கு மைக் வைக்கறவர் கேக்கறார்," என்றார் ஆயரம்மா. "நீங்க தனியாத்தானே பேசறீங்க? எத்தனை பேருன்னு சொன்னா அதுக்குத் தகுந்த மாதிரி வைப்பார்."

ஹலோக்கா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் வேண்டாம் என்று தலையாட்டவில்லை.

"ரெண்டு பேர் ஆயரம்மா. நானும் அத்தையும்."

மாமியார் எட்டி அவள் கையைத் தட்டினார்.

"கூரை மேல ஏறி, டார்ச் அடிச்சு, அந்த மெக்கானிக் அவ்வளவு தேடினாரே, அவரை விட்டுட்டியா? மூணுன்னு சொல்லு."